எப்போதும் உடம்பையே கவனித்துக்கொண்டிருப்பவருக்கு உடலுணர்வுப் பயிற்சி எதற்கு?

கேள்வி: குழித்துறைக்காரி

எங்கள் மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, 43 வயது. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஓர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், பருப்புக்குத் தோலுரிக்கும் வேலையை 16 ஆண்டுகளாகச் செய்து வருகிறார். இரண்டு ஆண்டுகளாக அவருக்கு நெஞ்சு படபடக்கிறது, இடது கை மரத்துப்போகிறது, வயிறு உப்பி வாயு மேலே ஏறுகிறது, முதுகு முழுவதும் மிளகாய் அரைத்துத் தேய்த்ததுபோல எரிகிறது. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலுமாக ஈசிஜி, எக்கோ, தைராய்டு, பி12, எண்டோஸ்கோபி, கழுத்து எம்ஆர்ஐ என்று எல்லாம் எடுத்தாயிற்று. எதிலும் குறை தெரியவில்லை. அந்த அறிக்கைகளை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு, கைக்குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டுதான் பேருந்தில் வருவார். கடைசியாகப் பார்த்த மருத்துவர் தலை நிமிராமலேயே, “ஒன்றுமில்லை, தைரியமாக இருங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது மைனி என்னிடம், “ஒண்ணும் இல்லேண்ணா, நான் கள்ளமா சொல்லுதேன்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்போது ஒரு பிசியோதெரபிஸ்ட், உடலுணர்வுப் பயிற்சி செய்தால் பலன் இருக்கும் என்கிறார். என் சந்தேகம் இதுதான். மைனி பகல் முழுவதும் கழுத்தில் இரண்டு விரலை வைத்து நாடி பார்க்கிறவர். மரச்சீனி நறுக்கிக்கொண்டிருக்கும்போதே கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார். இரவில் அண்ணனை எழுப்பி, அவர் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைப்பார். இப்படிப்பட்டவரிடம் உடம்பை இன்னும் கவனி என்று சொல்வது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது ஆகாதா?

பதில்: தக்கலை பிசியோ

சகோதரி, நான் இந்த மாவட்டத்திலேயே 11 ஆண்டுகளாகப் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். முதலில் உங்கள் மைனியின் கேள்விக்குப் பதில்: அவர் கள்ளம் சொல்லவில்லை. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டபோது, ‘மருத்துவக் காரணம் கிடைக்கவில்லை’ என்பதையே இத்தகைய உபாதைகளின் அடையாளமாகக் கொண்டிருந்த பழைய வழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டது. அறிகுறி எவ்வளவு துன்பம் தருகிறது, அதைச் சுற்றி எவ்வளவு பயமும் நேரமும் செலவாகின்றன என்பதையே இப்போது முதன்மையாகப் பார்க்கிறார்கள். அறிக்கையில் குறை இல்லை என்பதும் உடம்பில் வலி இல்லை என்பதும் ஒன்றல்ல.

உங்கள் சந்தேகம் மிகவும் நியாயமானது. ‘உடம்பைக் கவனிப்பது’ என்று நாம் சொல்வதில் பல காரியங்கள் கலந்து கிடக்கின்றன. உடலுக்குள் நடப்பதை ஒருவர் எவ்வளவு துல்லியமாக உணர்கிறார், துல்லியமாக உணர்வதாகத் தன்னைப் பற்றி எவ்வளவு நம்புகிறார், அந்த நம்பிக்கை உண்மையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற மூன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்று சாரா கார்ஃபிங்கெல், ஹியூகோ கிரிட்ச்லி முதலியோர் 2015இல் எழுதினார்கள். துல்லியத்தை அளப்பதற்கு ரெய்னர் ஷான்ட்ரி 1981இல் விவரித்த சோதனை இன்றும் பயன்படுகிறது: நாடியைத் தொடாமல், குறிப்பிட்ட சில விநாடிகளுக்குள் இதயம் எத்தனை முறை துடித்தது என்று மனதுக்குள் எண்ணிச் சொல்ல வேண்டும், அதை ஈசிஜி காட்டும் எண்ணிக்கையோடு ஒப்பிடுவார்கள். காரணம் தெரியாத உபாதை உள்ளவர்களிடம் இதைச் செய்து பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. ஆகவே, உடம்பைப் பற்றி ஓயாமல் நினைப்பவர் உடம்பை நன்றாக உணர்கிறார் என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

மூளை உடலிலிருந்து வரும் செய்தியை அப்படியே வாசிப்பதில்லை. பழைய அனுபவத்தை வைத்து முன்கூட்டியே ஓர் ஊகத்தைப் போட்டுவிட்டு, வருகிற செய்தியை அதனோடு ஒத்துப் பார்க்கிறது என்பது இப்போது ஆய்வாளர் பலரும் கொண்டிருக்கும் கருத்து. செய்தி மங்கலாகவும் பயம் பலமாகவும் இருந்தால் ஊகமே வென்றுவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் இவர்கள் இவ்வளவு நீட்டிச் சொல்கிறார்களோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும். கழுத்தில் விரல் வைக்கும்போது உங்கள் மைனி தேடுவது ஒரு தீர்ப்பு: இன்று பிழைப்பேனா, மாட்டேனா? அந்தக் கேள்வியோடு தொட்டால் சாதாரணத் துடிப்பும் முரசுபோலத்தான் கேட்கும்.

பயிற்சியில் நாங்கள் கேட்கும் கேள்விக்குத் தீர்ப்பே கிடையாது. ஸ்வீடனைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் கெர்ட்ரூட் ராக்செண்டால், பிரெஞ்சுக்காரரான ஜாக் துரோப்சியின் இயக்கப் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்டு இந்த உடலுணர்வுப் பயிற்சியை ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தார். படுப்பது, உட்காருவது, நிற்பது, நடப்பது என்ற அன்றாட அசைவுகளே அதன் பாடம். உங்கள் மைனியை நெஞ்சிலோ மூச்சிலோ தொடங்கச் சொல்லாதீர்கள். பயம் குடியிருக்கும் இடம் அது, சிலருக்குப் படபடப்பு கூடிவிடும். பாதத்தில் தொடங்கட்டும். வெறுங்காலோடு நின்று, குதிகாலில் எவ்வளவு பாரம், விரல்களில் எவ்வளவு பாரம், எந்தக் கால் அதிகம் சுமக்கிறது என்று மட்டும் பார்க்கட்டும். இரண்டு நிமிடம் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 16 ஆண்டுகள் குனிந்து உட்கார்ந்து விரல் நுனியால் தோலுரித்த கை மரத்துப்போகிறது என்றால், மணிக்கட்டில் நரம்புக் கடத்தல் பரிசோதனை (நரம்பு வழியே செய்தி சரியாகப் போகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்தார்களா என்று பாருங்கள். நீங்கள் எழுதியதில் அது இல்லை.

பதில்: குலசேகரம் பால்வெட்டு

நான் படித்தவன் அல்ல, பட்டதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் மாரடைப்பில் இறந்த மாதத்திலிருந்து எனக்கும் நெஞ்சில் குத்தல் வந்தது. எல்லாச் சோதனையும் சரியாக இருந்தது. விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கினால், மரத்துக்கு மரம் என் நெஞ்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன். கவனம் அங்கே போனதால் கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் விழுந்தது. முதலாளியிடம் திட்டும் வாங்கினேன்.

இதே மாதிரி ஒரு பயிற்சிக்குப் போனபோது, வேலை செய்கிற மாதிரியே கையை வைத்துக் காட்டச் சொன்னார்கள். கத்தி இல்லாமல் பட்டை சீவுவதுபோலக் காட்டினேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது: ஒவ்வொரு வெட்டுக்கும் வலது தோளைக் காது வரைக்கும் தூக்கி, வெட்டு முடிகிற வரையில் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு 280 மரம். இருபது வருடமாக இப்படி மூச்சை அடக்கியிருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. ஆனால் நெஞ்சை மட்டும் நொடிக்கு நொடி கவனித்துக்கொண்டிருந்தேன். இப்போது பால் சிரட்டையில் சொட்டத் தொடங்கும்வரை நின்று தோளைத் தாழ்த்திவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போகிறேன். குத்தல் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகும். வருகிறது; ஆனால் அதற்காக மரத்தடியில் உட்கார்ந்துவிடுவதில்லை.

பதில்: அருமனை மகன்

எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் முதலில் வர்ம ஆசானிடம்தான் போவோம். என் அம்மைக்கு ஏழு நாள் எண்ணெய் போட்டுத் தடவியதில் கை மரப்பு நன்றாகக் குறைந்தது. அதுவும் இந்த உடலுணர்வு வகையில் சேருமா?

பதில்: தக்கலை பிசியோ

நிதானமாகத் தொடும் ஒரு கை, உடம்பின் எந்த இடம் இறுகிக் கிடக்கிறது என்பதை உடையவருக்கே காட்டிக்கொடுக்கும். அந்த அளவில் சேரும் என்றே நினைக்கிறேன். ஆனால் தடவிய பிறகு சொல்லப்படும் சொல்லையும் பார்க்க வேண்டும். “வர்மம் கொண்டிருக்கிறது, விட்டால் பத்து வருடத்தில் விழுந்துவிடுவாய்” என்று கேட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு எண்ணெயால் குறைந்த வலி அந்தச் சொல்லால் திரும்பி வந்தது. எம்ஆர்ஐ அறிக்கையில் ‘தேய்மானம்’ என்ற சொல்லைப் படித்துவிட்டுக் குனியவே பயப்படுகிறவர்களும் இதே கணக்குத்தான். ஆசான்மாரை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலி, நாகர்கோவில்

மகளே, பயிற்சி நடக்கட்டும். ஆனால் கதவை அடைத்துவிடாதீர்கள். உடல் எடை காரணமில்லாமல் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, மேடு ஏறும்போது மட்டும் நெஞ்சு அடைத்து, நின்றால் விட்டாலோ, கையிலிருந்து பாத்திரம் நழுவும் அளவுக்குப் பலம் குறைந்தாலோ, பழைய தொந்தரவுதான் என்று இருந்துவிடக் கூடாது. 43 வயதில் மாதவிடாய் ஒழுங்கு மாறத் தொடங்கியிருந்தால் அதனாலும் படபடப்பு வரலாம். அதை யாராவது கேட்டார்களா என்று பாருங்கள். ஊர் ஊராக ஓடாமல் ஒரே மருத்துவரிடம், தொந்தரவு கூடினாலும் குறைந்தாலும் மாதம் ஒரு முறை என்று நாள் குறித்துப் போவது நல்லது. வலித்தால்தான் டாக்டரைப் பார்க்க முடியும் என்ற நிலை இருக்கும்வரை உடம்பும் வலித்துக்கொண்டே இருக்கும். வார்டில் நான் கண்டது இது.

குழித்துறைக்காரி, மூன்று வாரங்களுக்குப் பிறகு

எல்லோருக்கும் நன்றி. செவிலி அம்மா கேட்டது சரிதான். மாதவிடாய் ஒழுங்கு தவறி எட்டு மாதமாகிறது, யாரும் கேட்காததால் மைனியும் சொல்லவில்லை. பாதப் பயிற்சியை முதல் நான்கு நாள் வேண்டாவெறுப்பாகச் செய்தார். படபடப்பில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. முதுகு எரிச்சல் மட்டும் சாயங்காலத்தில் கொஞ்சம் குறைவாக இருக்கிறதாம். நேற்று மரச்சீனி நறுக்கும்போது வழக்கம்போலக் கை கழுத்தை நோக்கிப் போனது. பாதி வழியில் நிறுத்தி, “இந்தக் குதிகால் தரையிலேயே படல்ல, பாரு” என்று சொல்லிக் காலை மாற்றி ஊன்றினார். ஜவுளிக்கடைப் பை இன்னும் கட்டில் தலைமாட்டிலேதான் இருக்கிறது.

நரம்புக் கடத்தல் பரிசோதனை இதுவரை செய்யவில்லை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் அதற்கு எந்தப் பிரிவில் ஓபி சீட்டு எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்ல முடியுமா?