சூப்பர் மரியோ கார்ட்: பாதித் திரையில் ஓடிய பந்தயங்கள்

நிண்டெண்டோவின் சிறு வண்டிப் பந்தய வீடியோ விளையாட்டான சூப்பர் மரியோ கார்ட் ஆடிய அனுபவத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ரெயின்போ ரோடு என்ற பந்தயப் பாதையிலிருந்துதான் தொடங்குவார்கள். எனக்கு அந்த விளையாட்டு பிடிபட்டது கோஸ்ட் வேலி என்ற இன்னொரு பாதையில். பலகை அடித்த அந்தப் பாதையின் ஓரத் தடுப்பில் வண்டி இடித்தால், இடித்த துண்டு காணாமல் போய்விடும். பிறகு அங்கே பிடி தவறினால் கீழே விழ வேண்டியதுதான். மேகத்தில் வரும் லகிட்டு என்ற பாத்திரம் தூண்டில் போட்டுத் தூக்கிவிடும், ஆனால் அதற்குப் பாதையில் சேர்த்த நாணயங்களில் இரண்டை இழக்க வேண்டும். பத்து வரை நாணயம் சேரச் சேரத்தான் வண்டியின் உச்ச வேகம் கூடும் என்பதாலும், கையில் ஒன்றும் இல்லாதபோது இன்னொரு வண்டி உரசினாலே சுழன்று நின்றுவிடுவோம் என்பதாலும், அந்த இழப்பு சிறியதல்ல.

1992 ஆகஸ்டில் ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாம் என்ற விளையாட்டுக் கருவிக்காக வெளிவந்த இதை இயக்கியவர்கள் தடாஷி சுகியாமாவும் ஹிதேகி கொன்னோவும். தயாரிப்பாளர் ஷிகேரு மியாமோட்டோ. ஒருவர் மட்டும் ஆடும் எஃப்-ஸீரோ என்ற பந்தய விளையாட்டைப் போன்ற ஒன்றை இருவர் சேர்ந்து ஆட வைக்க முடியுமா என்ற முயற்சியே இதன் தொடக்கம். தனியாக ஆடும்போதும் திரை இரண்டாகவே பிரிந்திருக்கும். கீழ்ப்பாதியில் வரைபடமோ பின்பக்கக் காட்சியோ தெரியும். சிலர் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு அந்த வரைபடமே பாதி விளையாட்டு. மோட் 7 என்ற முறையில் ஒரே தட்டையான படத்தைச் சுழற்றியும் பெரிதாக்கியும் பாதையாகக் காட்டுவதால் இதில் மேடு பள்ளமே கிடையாது. தொலைவில் வரும் வளைவை மேல்பாதியில் கண்டுபிடிப்பது கடினம், கீழே பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். படத்தை இப்படிச் சுழற்றிக் காட்டும் கணக்குகளுக்காக விளையாட்டின் கேட்ரிட்ஜுக்குள்ளேயே டிஎஸ்பி-1 என்ற தனிச் சிப் வைத்திருந்தார்கள்.

கைப்பிடியின் எல், ஆர் பொத்தான்களில் ஒன்றைத் தட்டினால் வண்டி சற்றே துள்ளும். துள்ளி இறங்கும்போது திருப்பிப் பிடித்தால் சறுக்கிக்கொண்டே வளைவைக் கடக்கும். இது கைக்கு வரும்வரை பொறுமை வேண்டும், வந்த பிறகு வேறு எந்தப் பந்தய விளையாட்டிலும் அந்த நெருக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. ஓட்டுநராக நான் எளிதில் திரும்பும் இலகுவான கூப்பா ட்ரூப்பாவையும், என் தம்பி உச்ச வேகம் கூடிய கனமான பவுசரையும் எடுப்போம். வளைவுகளில் நான் அவனைத் தாண்டுவேன், நீண்ட நேர்ப்பாதையில் அவன் என்னைப் பிடித்துவிடுவான், இடித்தால் தூக்கி எறியப்படுவது எப்போதும் என் வண்டிதான்.

கணினி ஓட்டும் வண்டிகளோடு ஆடுவதில் எனக்கு அந்த நிறைவு இல்லை. நாம் ஆயுதங்களைப் பெறும், பாதையில் பதிந்த கேள்விக்குறிக் கட்டங்களிலிருந்து அவை பொருள் எடுப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஓர் ஆயுதம் தீராமல் கிடைக்கிறது. மரியோவும் லூயிஜியும் சிறிது நேரம் எதுவும் பாதிக்காமல் காக்கும் நட்சத்திரத்தை வேண்டியபோதெல்லாம் பயன்படுத்துவார்கள், யோஷி முட்டைகளைப் போட்டுக்கொண்டே போவார். மிக வேகமான 150சிசி பிரிவில் சிறப்புக் கோப்பையை வெல்வது பெரிய விஷயம்தான், ஆனாலும் அது சம பலத்தில் நடக்கும் போட்டி அல்ல.

ஆகவே புதிதாக ஆடுபவர்கள் இன்னொருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஆளுக்கு மூன்று பலூன்களோடு ஒருவரையொருவர் தாக்கும் போர் ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள் என்றே சொல்வேன். அங்கே இறகு என்ற பொருள் கிடைத்தால் சுவரைத் தாண்டிக் குதிக்கலாம். துரத்துபவர் சுற்றி வருவதற்குள் எறிவதற்கான பச்சை ஆமையோட்டைக் குறிபார்க்க நேரம் கிடைக்கும்.