தரம் ஒன்றுக்குப் போகிற பிள்ளைக்கு அழுகைப் படம் தேவையா?

படுவான்கரை அம்மா:
தரம் ஒன்றுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் வரவேற்கிற கால்கோள் விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, பள்ளிக்கூடம் தொடங்குவது பற்றிய படப்புத்தகம் ஒன்று வாங்கினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு பிள்ளை கேற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறது, அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாள். அதுவரை துள்ளிக்கொண்டு திரிந்த மகள் இரவில் கேட்கிறாள், "நீங்களும் இப்படித்தான் போவீங்களா?" இல்லாத பயத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை ஸ்டேப்ளர் அடித்து மூடிவிட்டேன்.

கல்லடி வாத்தியார்:
தங்கச்சி, கால்கோள் விழாவில் பலூன், மாலை, பக்கத்தில் அம்மா. யார் அழப்போகிறார்கள்? மறுநாள் கேற்றடியில்தான் அழுகை. ஜனவரி 31இல் 5 வயது நிரம்பியிருந்தால் சேர்க்கலாம் என்பதால், என் வகுப்பில் ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசத்தில் பிள்ளைகள் இருப்பார்கள். சின்னதுகள்தான் கூட அழும். படத்தில் பார்த்திருந்தால் "எனக்கு மட்டுமில்லை" என்றாவது தெரியும். ஊசியைக் கழற்றுங்கள். அம்மா திரும்பி வருகிற பக்கத்தை இரண்டு தரம் வாசியுங்கள்.

படுவான்கரை அம்மா:
அந்தப் பக்கமே இல்லை சேர்! அழுகிறது, அடுத்த பக்கத்தில் ஊஞ்சலாடுகிறது, புத்தகம் முடிந்தது. கூட்டிப்போக யார் வந்தார்கள்?

கல்முனை நானா:
அழுகையை விடுங்கள். கடையில் கிடைப்பதில் பல தமிழ்நாட்டுப் புத்தகங்கள். அங்கே ஜூனில் பள்ளி திறக்கும், மஞ்சள் பஸ் வரும். இங்கே இலங்கையில் ஜனவரி, மாரி மழை விடாத நேரம், வெள்ளை உடுப்பில் சேறு. என் மகன் காலையில் மஞ்சள் பஸ்ஸுக்குக் காத்து நின்றான். வந்தது ஓட்டோ.

கல்லடி வாத்தியார்:
யானை பேசுகிற கதையை ரசிக்கிற பிள்ளைக்கு மஞ்சள் பஸ் ஒரு பிரச்சினையா நானா?

கல்முனை நானா:
யானை பேசாது என்று அவனுக்குத் தெரியும் சேர். பஸ் வரும் என்றுதான் நம்பினான்.

ஏறாவூர் உம்மா:
நான் புத்தகமே வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தை ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு, கொப்பியில் நானே கீறினேன்: கேற், தண்ணீர்க் குழாய், டொய்லட். டொய்லட் எங்கே என்று நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. கேட்க வெட்கப்பட்டு உடுப்பை நனைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் எத்தனை!

கல்லடி வாத்தியார்:
ராத்தா சொல்வதில் எனக்கு மறுபேச்சு இல்லை. முதல் கிழமை என் பாதி வேலையே அதுதான். ஆனால் அழுகைப் பக்கம் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

படுவான்கரை அம்மா:
நானும் ஊசியைக் கழற்றவில்லை சேர். பின்னட்டையின் உட்பக்கத்தில், நான் கூட்டிப்போக வருகிறமாதிரி கீறிவைத்தேன். மகள் பார்த்துவிட்டு, "மழைக்க குடை இல்லாம வாறீங்களே" என்கிறாள்.