ஒரே ஆளுக்கு சாச்சுரேஷன் 86, அடுத்த விரலில் 97: சார்ட்டில் எதை எழுதுவது?

கேள்வி (ஸ்டாஃப் நர்ஸ், மெடிக்கல் வார்டு)

4 மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லா பெட்டுக்கும் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்ற அளவு) பார்க்கிறோம். விரலில் மாட்டும் சின்ன பல்ஸ் ஆக்சிமீட்டர்தான். வயதானவர்களுக்கு ஏசியில் 86 காட்டுகிறது, விரலை மாற்றினால் 97. இது போக, பழைய சார்ட்டில் வரிசையாக 98, 98 என்றே இருக்கிறது. அப்போது நோயாளிக்கு ஆக்சிஜன் ஓடியதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

பதில் (பயோமெடிக்கல் இன்ஜினியர்)

சிஸ்டர், எண்ணுக்கு முன்னால் மீட்டர் திரையில் நாடித் துடிப்பைக் காட்டும் அலையைப் பாருங்க. சிவப்பு, அகச்சிவப்பு என்று இரண்டு ஒளியை விரல் வழியே அனுப்பி, நாடித் துடிப்போடு கூடிக் குறையும் பங்கை மட்டும்தான் மீட்டர் கணக்கில் எடுக்கும். விரல் சில்லிட்டிருந்தால் அந்தத் துடிப்பு மங்கிவிடும், எண் தாறுமாறாக வரும். மணிக்கட்டில் நாடி பிடித்து ஒப்பிடுங்க. நாடி கையில் எண்ணினால் 88, மீட்டரில் 52 என்றால் அந்த 86 சாச்சுரேஷனை நம்ப முடியாது.

விரலைத் தேய்த்துச் சூடாக்கி, கையை அசையாமல் வைத்து, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிஷம் காத்திருங்க. பி.பி. கஃப் கட்டிய கை வேண்டாம். கஃப் இறுகும்போது துடிப்பே நின்றுவிடும். நெயில் பாலிஷ், கருப்பு மருதாணி போட்ட விரலையும் விட்டுவிடுங்க. விரல் புரோபைக் காதில் மாட்டினால் அளவு தப்பும்.

பதில் (நெஞ்சகநோய் டாக்டர்)

மேலே சொன்னது சரி. ஆனால் 86 வந்ததும் மீட்டரைக் குறை சொல்வதற்கு முன் ஆளைப் பாருங்க. கை சில்லிட்டிருப்பதே ரத்த ஓட்டம் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். கருத்த தோலில் மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டவும் வாய்ப்புண்டு. 92, 93 வந்து ஆள் சோர்ந்திருந்தால் ஏபிஜி (தமனி ரத்தம் எடுத்து வாயு அளவைப் பார்க்கும் பரிசோதனை) கேளுங்க. தீ விபத்தில் புகை சுவாசித்தவருக்கு 99 காட்டினாலும் நம்பவே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தை இந்த மீட்டரால் பிரித்தறிய முடியாது.

சார்ட்டுக்கு வருவோம். வெறும் "95" எதையும் சொல்லாது. "95, நேசல் ப்ராங்ஸ், 2 லிட்டர்" என்று, அதாவது மூக்குக் குழாயில் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் ஓடுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்க. காலையில் 2 லிட்டரில் 95, மாலையில் 6 லிட்டரில் 95 என்றால் எண் மாறவில்லை, ஆள் மோசமாகியிருக்கிறார். பக்கத்திலேயே மூச்சு எண்ணிக்கை, முழு 60 நொடி எண்ணி. சாச்சுரேஷன் இறங்கும் முன்பே பெரும்பாலும் அது ஏறிவிடும்.

இலக்கையும் சார்ட்டின் தலைப்பிலேயே எழுதச் சொல்லுங்க. பொதுவாக 94–98, கார்பன் டையாக்சைடு தேங்கும் சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) நோயாளிக்கு 88–92. அவருக்கு ஆக்சிஜனில் 98 வந்தால் அது நல்ல சேதி இல்லை, லிட்டரைக் குறைக்கணும். குறைத்தாலும் கூட்டினாலும் 5 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்க.

கேள்வி கேட்டவர்

நன்றி டாக்டர். ரூம் ஏரில் (ஆக்சிஜன் தராமல், சாதாரணக் காற்றில்) அளவு வேண்டுமென்று ரவுண்ட்ஸுக்கு முன்னால் மாஸ்க்கைக் கழற்றலாமா?

பதில் (நெஞ்சகநோய் டாக்டர்)

வழக்கமான ரவுண்டுக்காகக் கழற்றாதீங்க. ஆக்சிஜனை நிறுத்திப் பார்க்கச் சொல்லி ஆர்டர் இருந்தால் மட்டும், 5 நிமிஷம் பக்கத்திலேயே நின்று பாருங்க. இலக்குக்குக் கீழே இறங்கினால் உடனே மாட்டுங்க. தாங்கினால் 1 மணி நேரத்தில் இன்னொரு முறை பார்த்து, "ரூம் ஏர்" என்று எழுதிவிடுங்க.