மல்லியன் என்பதற்கு 'ஊடுகால்': ஹார்ட்விக் மாளிகைச் சாளரங்களை முன்வைத்து

அன்புடையீர், வணக்கம்.

சாளரத்தின் அகலத்தைப் பகுத்து நெட்டாக நிற்கும் உறுப்பைக் குறிக்கும் மல்லியன் (mullion) என்ற கட்டடக்கலைச் சொல்லுக்குத் தாங்கள் முன்மொழிந்த 'சாளரத்தூண்' எளிதில் விளங்குவதுதான்; ஆயினும் அவ்வுறுப்பு செய்யும் வேலையை நெருங்கிப் பார்த்தால் அது பொருந்தவில்லை என்றே எனக்குப் படுகிறது.

இங்கிலாந்தின் டார்பிஷரில், ஷ்ரூஸ்பரி கோமாட்டி பெஸ் 1590-க்கும் 1597-க்கும் இடையில் கட்டுவித்த ஹார்ட்விக் மாளிகையை எடுத்துக்கொள்வோம். ராபர்ட் ஸ்மித்சன் வடிவமைத்ததாகக் கருதப்படும் இந்த மணற்கல் மாளிகையில் சுவரைவிடக் கண்ணாடியே மிகுதி என்பது ஊரார் வழக்கு. புகைபோக்கிகளைப் பெரும்பாலும் உட்சுவர்களுக்குள் அடக்கிவிட்டதால் வெளிச்சுவர் முழுவதையும் சாளரங்களுக்கு விட்டுக்கொடுக்க முடிந்தது. விருந்தினரை வரவேற்கும் பெருங்கூடங்கள் இரண்டாம் தளத்தில் இருப்பதால் அங்குள்ள சாளரங்களே மிக உயரமானவை.

கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அகன்ற திறப்பின்மேல் ஒற்றைக் கல்லைக் கிடத்தினால் அதன் அடிப்பக்கம் விரிசல் காணும். ஆகவே சாளரத்தின் அகலத்தைப் பல கண்களாகப் பகுத்து, இடையிடையே மெல்லிய கற்கால்களை நிறுத்தி, மேற்கல்லின் சுமையை அவற்றின்மீது இறக்கினார்கள். பெரிய கண்ணாடித் தகடுகள் கிடைக்காத காலமாதலின், சிறு சில்லுகளை ஈயப்பட்டையால் கோத்து ஒவ்வொரு கண்ணிலும் பொருத்தினார்கள். சுமை தாங்குவதும் கண்ணாடியைப் பற்றிக்கொள்வதும் ஆகிய இரண்டு வேலையும் அந்த மெல்லிய கல்லுக்கே.

தூண் என்றால் தனித்து நிற்பது, சுற்றிவரத்தக்கது என்ற எண்ணமே நமக்கு எழும். இதுவோ சாளரத்தின் உள்ளுறுப்பு. நிலைக்கால், பந்தற்கால், ஆயிரங்கால் மண்டபம் என்று வழங்கும் 'கால்' இங்கே இயல்பாக அமைகிறது. மரத்துக்கும் கல்லுக்கும் ஒருசேரப் பொருந்துவது அதன் சிறப்பு. மற்றொரு நண்பர் பரிந்துரைத்த 'நடுக்கால்', ஒரே ஒரு கால் உள்ள சாளரத்துக்கு மட்டுமே சரியாகும். 'இடைக்கால்' என்று நானே முதலில் எண்ணினேன். ஆனால் 'இடைக்காலச் சாளரம்' என்ற தொடரோடு கண்ணும் காதும் குழம்பும் என்பதால் கைவிட்டேன்.

எனவே 'ஊடுகால்' என்று முன்மொழிகிறேன். நெசவில் ஊடு குறுக்கே ஓடும் இழையாயிற்றே, நெட்டாக நிற்பதற்கு அது தகுமா என்று கேட்கலாம். வரிசைகளுக்கு இடையே விதைப்பதை ஊடுபயிர் என்கிறோமே, அந்தப் பொருளில்தான் இங்கும் ஆள்கிறேன். 'நான்கு ஊடுகால், ஐந்து கண்' என்று எண்ணிச் சொல்லவும் வசதியாக இருக்கிறது.

இதற்கு இணையாக, சாளரத்தில் கிடையாக அமையும் உறுப்பான டிரான்சத்துக்குக் (transom) 'குறுக்குச்சட்டம்' போதும். 'விட்டம்' வேண்டாம், அது கூரைச்சுமையைத் தாங்கும் உறுப்பு என்ற பொருளைத் தந்துவிடும். டிரான்சம் சாளரத்தின் உயரத்தைப் பகுத்து, ஊடுகால்கள் பக்கவாட்டில் வளையாமல் அவற்றைப் பிணைக்கிறது, அவ்வளவே. கல்லுக்குச் 'சட்டம்' ஒவ்வாது என்று கருதுவோர் மாற்றுச்சொல் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.