களாவேலிக்குள் ஒரு கூடு

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து ஓய்ந்தபோது, கடலூர் கேப்பர் மலைப் பக்கம் எங்கள் கொல்லையில் பாதி வேப்பமரம்தான் மிஞ்சியது. பலாவும் முந்திரியும் வேரோடு போய்விட்டன. குருவிச் சத்தமே இல்லை. அம்மாதான் சொன்னார்: "முதல்ல வேலியோரம் களாவும் காரையும் வைடா. எந்தக் காத்துக்கும் தாங்கும்." இரண்டும் முள் புதர்கள்.

களா என்று சொல்லி ஒரு நர்சரியில் கொடுத்த கன்றுகள் வேறு ஏதோ அழகுச்செடியாக வளர்ந்தன. அதில் இரண்டு வருஷம் வீண். அப்புறம் முந்திரித் தோப்பு வேலியில் நின்ற பழைய களாவில் நாங்களே பழம் பறித்து வந்தோம். களா விதை காய்ந்தால் முளைப்பது கஷ்டம். தின்ற கையோடு கழுவி, செம்மண்ணும் எருவும் கலந்த பையில் ஊன்றிவிட வேண்டும். காரை, முள்ளுள்ள சூரை, புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் பார்த்து ஆசைப்பட்ட காயா என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. காயா மெதுவாகத்தான் வளரும். அந்த நீலப் பூவுக்காக எத்தனை வருஷமும் காத்திருக்கலாம்.

நாலாம் வருஷம் களாவுக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டியது. இடுப்பு உயரம், டீ கிளாஸ் வாயளவு கிண்ணம். வேரும் நாருமாகப் பின்னி, சிலந்தி வலையால் ஒட்டியிருந்தது. உள்ளே மூன்று முட்டை, இளஞ்சிவப்பில் செம்புள்ளிகள். ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுப் பூனை வந்தது. காலை உள்ளே விட்டது, முள் குத்தியது, இழுத்து நக்கிக்கொண்டது. மறுபக்கம் போய் முயன்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டது. நான் ஜன்னல் கம்பியை விடவே இல்லை. இரட்டை இரட்டையாக நிற்கும் அந்த முள்ளை வெட்டச் சொல்லி எத்தனை பேர் வந்தார்கள்! தயவுசெய்து வெட்டாதீர்கள். பாம்பு பயம் இருந்தால் வாசலைவிட்டுத் தள்ளி வையுங்கள். உண்ணிச்செடி முளைத்தால் மட்டும் பிடுங்கிவிடுங்கள். அதன் பழத்தையும் குருவி தின்னும், ஆனால் மற்ற செடிகளை அது மூடிவிடும்.

ஆடியில் களா கறுத்துப் பழுத்தால் காலையிலேயே கூட்டம். மைனா, குயில், கொண்டைக்குருவி எல்லாம் தின்றுவிட்டுத் துணிக்கொடியில் வந்து உட்காரும். அப்பா வேட்டியெல்லாம் ஊதாக் கறை. போன மழைக்குப் பிறகு கொடிக்குக் கீழே முட்சங்கு என்ற முள்செடி ஒன்று முளைத்திருக்கிறது. நாங்கள் வைத்ததில்லை. கொடியை நாலடி தள்ளிக் கட்டிவிட்டோம்.