புதுப்பிப்பு: டிஸ்கஸ் தொட்டிக்குத் துணை மீன்கள் முடிவாகிவிட்டன

தட்டு வடிவ அலங்கார மீனான டிஸ்கஸோடு ஒரே தொட்டியில் வேறு எந்த மீன்களை விடலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். நியான் டெட்ரா, ஏஞ்சல், சக்கர் (பாசியைச் சுரண்டித் தின்னும் மீன்) என்று பலர் சொன்னீர்கள், நன்றி. மூன்றுமே வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

பிரச்சினை பெரும்பாலும் சூடுதான். டிஸ்கஸுக்குத் தண்ணீர் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும்; நியானுக்கு அது ஒத்துவராது, ஆயுள் குறைந்துவிடும். அதனால் கார்டினல் டெட்ரா கூட்டம் ஒன்றை விட்டேன். டிஸ்கஸில் ஒரு வகையான ஹெக்கல் டிஸ்கஸும் கார்டினலும் பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றுக்காரர்கள். இளஞ்சூடான, அமிலத்தன்மையுள்ள மென்னீர் (தாது உப்புகள் குறைந்த தண்ணீர்) இரண்டுக்கும் பழக்கம். நன்கு வளர்ந்த கார்டினலாக வாங்குங்கள், பொடிசுகளைப் பெரிய டிஸ்கஸ் விழுங்கிவிடும்.

அடித்தளத்துக்கு ஸ்டெர்பாய் கோரிடோராஸ் (சுருக்கமாக கோரி), தரையில் மேயும் சிறு கெளுத்தி வகை. கோரிகளில் சூட்டை நன்றாகத் தாங்கும் வகை இது. மிச்சத்தைத் தின்னும் என்று விட்டுவிடாமல், மூழ்கும் தீனி தனியாகப் போடுகிறேன்.

ஏஞ்சல் பாய்ந்து பாய்ந்து தின்னும். டிஸ்கஸோ நிதானமாகக் கொத்தும், பட்டினியாகிவிடும். சக்கர் இரவில் டிஸ்கஸின் உடம்பில் ஒட்டி வழுவழுப்புப் படலத்தைச் சுரண்டும் ஆபத்து உண்டு.

புது மீன்களை நாலு வாரம் தனித்தொட்டியில் வைத்த பிறகே சேர்த்தேன். இப்போது டிஸ்கஸ் ஒளியாமல் முன்னால் வந்தே தீனி எடுக்கின்றன, பார்க்க அவ்வளவு சந்தோஷம்! டிஸ்கஸோடு ராம் சிக்லிட் என்ற சிறு மீன் ஜோடி வைத்திருப்பவர்கள் இருந்தால் அனுபவம் சொல்லுங்கள்.