சீட்டுக்கட்டு வடிவமைப்புக்கு கிரவுட்ஃபண்டிங்: முதல் முயற்சி 41 சதவீதத்தில் நின்றுவிட்டது, மறுபடி இறங்கலாமா?

கடல்கோடு (கேள்வி)

வணக்கம். ஒன்றரை வருடமாக ஒரு சீட்டுக்கட்டு வரைந்துகொண்டிருந்தேன். கடல்தான் கரு. ராஜாக்கள் நால்வரும் திமிங்கிலம், ராணிகள் ஆக்டோபஸ், ஜாக்கிகள் கடல்குதிரை. இஸ்பேட் குறிக்கு பதில் சங்கு, கிளாவருக்கு பதில் பவளக்கிளை என்று சின்னங்களையும் மாற்றினேன். 52 சீட்டு, 2 ஜோக்கர், பின்பக்கம், பெட்டி எல்லாம் பேனாவில் வரைந்து பிறகு கணினியில் ஏற்றியவை.

கிரவுட்ஃபண்டிங், அதாவது பொருள் தயாராகும் முன்பே பலரிடம் பணம் திரட்டும் முறைக்கான கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 30 நாள் ஓட்டினேன். 1000 கட்டு அச்சடிக்க ஆகும் தொகையை இலக்காக வைத்தேன். முதல் மூன்று நாளில் 24 சதவீதம் வந்துவிட்டது, சந்தோஷத்தில் தூக்கமே இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஒரு நாளைக்கு ஒருவர், சில நாள் அதுவும் இல்லை. கடைசியில் 41. இலக்கை எட்டாவிட்டால் அங்கே யாரிடமும் பணம் எடுக்க மாட்டார்கள், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஆதரித்தவர்களில் சிலர் "எப்போது மறுபடி?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள், அதுதான் மனதைப் பிசைகிறது.

என் கேள்விகள்: விலையைக் குறைத்து மறுபடி இறங்கலாமா? வந்த பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்கிற வகைத் தளத்துக்குப் போகலாமா? இல்லை, வடிவமைப்பிலேயே கோளாறா? அனுபவப்பட்டவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இஸ்பேட்ஆசு

நான் இதுவரை இரண்டு தடவை ஓட்டியிருக்கிறேன், ஒன்று விழுந்தது, ஒன்று எல்லோர் கையிலும் போய்ச் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் மாறியது ஓவியம் இல்லை, முதல் நாளன்று காத்திருந்த ஆட்களின் எண்ணிக்கை. நடுவில் இரண்டு வாரம் காய்ந்து கிடப்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடப்பது. முதல் இரண்டு நாள் பணமும் கடைசி இரண்டு நாள் பணமும்தான் கட்டைக் காப்பாற்றும், அந்த முதல் இரண்டு நாள் பணம் உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்களிடமிருந்து வருவது. தளம் தானாகக் கூட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தும் என்று நம்பித்தான் நான் முதல் தடவை விழுந்தேன். தொடங்குவதற்கு முன் உங்களிடம் எத்தனை பேரின் மின்னஞ்சல் இருந்தது? முன்னோட்டப் பக்கத்தில் "தொடங்கும்போது தெரிவி" என்ற பொத்தானை எத்தனை பேர் அழுத்தியிருந்தார்கள்?

விலையைக் குறைக்காதீர்கள், அது தப்பான இடத்தில் வெட்டுவது. வந்ததை வைத்துக்கொள்ளும் தளமும் சீட்டுக்கட்டுக்கு ஒத்துவராது. அச்சகம் குறைந்தபட்சம் இத்தனை கட்டு என்று ஒரு வரம்பு வைத்திருக்கும், 41 சதவீதப் பணத்தை வாங்கிக்கொண்டு 100 சதவீத அச்சுக்கூலியைக் கட்டவேண்டிய நிலைக்கு வந்துவிடுவீர்கள். எட்டினால் எல்லாம், எட்டாவிட்டால் ஒன்றுமில்லை என்பது கடுமையாகத் தெரிந்தாலும் அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

அடுத்தது கணக்கு. தளத்துக்கு 5 சதவீதம், பணப் பரிமாற்றத்துக்குத் தனியாக 3 சதவீதத்துக்கு மேல், ஆக எட்டிலிருந்து பத்து சதவீதம் உங்கள் கைக்கே வராது. சிலரின் கார்டில் பணம் எடுபடாமல் உதிர்ந்துவிடும். மிச்சம் கைக்கு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நான் என் தாளில் அச்சுக்கூலி, பெட்டி, சரக்குக் கட்டணம் எல்லாம் எழுதியிருந்தேன், குமிழி உறையை எழுத மறந்துவிட்டேன். ஒரு உறை அற்பக் காசுதான், ஆனால் அறுநூறு உறை, அதன் மேல் ஒட்டும் லேபிள், வழியில் மூலை நசுங்கிய கட்டுகளுக்கு மாற்று அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்து எனக்கு மீந்திருக்க வேண்டிய முழுத்தொகையையும் சாப்பிட்டுவிட்டது. இன்னொன்று, உற்சாகத்தில் "இலக்கைத் தாண்டினால் பெட்டியில் தங்க ஃபாயில்" என்று வாக்குக் கொடுத்தேன். ஃபாயிலுக்குத் தனி அச்சு வார்க்க வேண்டும், அதற்கு மூன்று வாரம் கூடுதல். வாக்குக் கொடுப்பதற்கு முன் அச்சகத்திடம் விலை கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மைவாசம்

தம்பி, அச்சுத் தொழிலில் இருப்பவன், உங்கள் பக்கத்தில் போட்டிருந்த படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு அருமை. ஆனால் அத்தனையும் திரையில் வரைந்த படங்கள், கையில் பிடித்த கட்டின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. மாதிரிக்கட்டு ஒன்று அச்சடித்தீர்களா? ஒரே ஒரு கட்டு மட்டும் அச்சடித்துத் தரும் இணைய அச்சகங்கள் இருக்கின்றன, அந்தச் செலவைச் செய்யாமல் ஆயிரம் கட்டுக்குப் பணம் கேட்கக் கூடாது.

முதலில் பின்பக்கம். சுற்றிலும் வெள்ளை ஓரம் வைத்திருக்கிறீர்கள், நல்லதுதான், ஆனால் ரொம்ப மெல்லிசு. தாளை வெட்டும்போது அரை மில்லிமீட்டர், சில சமயம் அதற்கு மேலும் நகரும், எந்த அச்சகமும் நகரவே நகராது என்று சத்தியம் செய்யாது. ஓரம் 2 மில்லிமீட்டர்தான் என்றால் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒரு பக்கம் ஒன்றரை, மறுபக்கம் இரண்டரை, கண்ணில் உறுத்தும். ஓரத்தை அகலமாக்குங்கள். ஓரமே வேண்டாம், படம் விளிம்பு வரை போகட்டும் என்றால் நகர்வது தெரியாது, ஆனால் விளிம்பில் மை சீக்கிரம் தேயும், வித்தைக்காரர்களும் வாங்கத் தயங்குவார்கள். கட்டுக்குள் ஒரு சீட்டைத் திருப்பி ஒளித்து வைத்து விசிறியாக விரிக்கும்போது வெள்ளை ஓரம்தான் அதை மறைக்கிறது. எப்படி இருந்தாலும் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டி வெளியே நீளும் படப்பகுதி) விட்டு, முக்கியமான எதையும் வெட்டுக்கோட்டிலிருந்து இன்னொரு 3 மில்லிமீட்டர் உள்ளே வையுங்கள். உங்கள் ஹார்ட்டின் பத்தில் ஓர எண் வெட்டுக்கோட்டை முட்டிக்கொண்டு நிற்கிறது.

இரண்டாவது நிறம். அந்த ஆழ்கடல் நீலம் திரையில் ஜொலிக்கிறது, அது வெளிச்சத்தின் நிறம். வழக்கமான நான்கு மையில் (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) அச்சானால் மங்கி ஊதாப் பக்கம் சாயும். அந்த நீலம்தான் கட்டின் உயிர் என்றால் தனி மையாக, பான்டோன் எண் (அச்சு நிறங்களின் தரப்பட்டியல் எண்) கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள், கொஞ்சம் செலவு கூடும்.

மூன்றாவது, தாள் என்ன, மேற்பூச்சு என்ன என்று உங்கள் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. சீட்டை அடிக்கடி கையில் எடுப்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். துணி நெய்தது போன்ற நுண்குழிகள் அழுத்திய தாளில் சீட்டுகளுக்கு நடுவே காற்று நிற்கும், விசிறி வழவழவென்று விரியும். வழவழப்பான தாளில் ஒரு மாதத்தில் ஒட்டிக்கொள்ள ஆரம்பிக்கும். வெட்டு எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதுகூட முக்கியம், விளிம்பு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், ஃபாரோ முறையில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்துக் கலைப்பவர்கள் விரலால் தடவியே சொல்லிவிடுவார்கள்.

ஒன்பதாம்சீட்டு

சேகரிப்பவன் பார்வையில் இரண்டு விஷயம். நான் ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுகளுக்கு இப்படிப் பணம் கொடுத்திருக்கிறேன். அதில் மூன்று வரவே இல்லை. அதனால் புதியவர் ஒருவரின் பக்கத்தைப் பார்த்தால் முதலில் தேடுவது ஓவியத்தை அல்ல, "இவர் இதை முடிப்பாரா" என்பதற்கான அடையாளத்தை. அச்சகத்தின் பெயர், மாதிரிக்கட்டின் படம், மாத வாரியாக ஒரு கால அட்டவணை, இது போதும்.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 2012-இல் அசைலம் என்ற சீட்டுக்கட்டு கிக்ஸ்டார்ட்டரில் 15,000 டாலர் கேட்டு 810 பேரிடமிருந்து 25,146 டாலர் திரட்டியது, கட்டு யாருக்கும் உரிய காலத்தில் போகவில்லை. 2014-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார், கிரவுட்ஃபண்டிங் தொடர்பான முதல் நுகர்வோர் பாதுகாப்பு வழக்கு என்று சொல்லப்படுவது அதுதான். மறுவருடம் தீர்ப்பு வந்தது. அந்த மாநிலத்து ஆதரவாளர்கள் 31 பேருக்குப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும், அதோடு ஆளுக்கு ஆயிரம் டாலர் வீதம் அபராதம், வழக்குச் செலவு தனி. சீட்டுக்கட்டுக்காரர்கள் எல்லோரும் அந்த நிழலில்தான் நிற்கிறோம், அதனால் வாக்குக் கொடுக்கும்போது நிதானமாகக் கொடுங்கள். தாமதமானால் தாமதம் என்று உடனே எழுதுங்கள், திட்டமாட்டோம். மூன்று மாதம் வாய் திறக்காமல் இருப்பதைத்தான் தாங்க முடியாது.

இரண்டாவது, உங்கள் இஸ்பேட் ஆசு சாதாரணமாக இருக்கிறது. கட்டை வாங்கலாமா என்று முடிவுசெய்யும் முன் நாங்கள் பெரும்பாலும் பெட்டி, பின்பக்கம், இஸ்பேட் ஆசு மூன்றையும்தான் பார்ப்போம். அந்த ஒரு சீட்டுக்கு மட்டும் இத்தனை அலங்காரம் ஏன் என்றால், இங்கிலாந்தில் 1711-இலிருந்து சீட்டுக்கட்டுக்கு வரி கடுமையானது, வரி கட்டியதற்கான முத்திரை பிறகு இஸ்பேட் ஆசில் வந்து சேர்ந்தது, போலி அடிக்க முடியாதபடி நுணுக்கமாக வரைந்தார்கள். அந்த வரி 1960-இல்தான் ஒழிந்தது. வரி போனாலும் அலங்காரம் நின்றுவிட்டது. அந்தச் சங்கை இன்னும் ஒரு வாரம் உட்கார்ந்து வரையுங்கள், அது அவ்வளவு தகுதியுள்ள சீட்டு.

கடல்கோடு

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொரு வரியையும் எழுதி வைத்துக்கொண்டேன். இஸ்பேட்ஆசு கேட்டதற்குப் பதில்: என்னிடம் 60 மின்னஞ்சல்தான் இருந்தது. முன்னோட்டப் பக்கம் போடவே இல்லை.

மைவாசம் ஐயா சொன்னபடி ஒரே ஒரு மாதிரிக்கட்டு வரவழைத்தேன். நேற்று ராத்திரி நான்கு பேர் உட்கார்ந்து ரம்மி ஆடினோம். மூன்றாவது ஆட்டத்தில் ஒரு நண்பர் டிக்ளேர் என்று சீட்டை விரித்தார், இஸ்பேட் 5, 6, 7 என்று வரிசை வைத்திருந்தார், அந்த ஆறு மட்டும் கிளாவர். அவர் கவனக்குறைவான ஆளே இல்லை. கையில் விசிறியாகப் பிடிக்கும்போது இடது மூலையில் ஒரு விரல் அகலம்தான் தெரிகிறது, அந்த இடத்தில் என் சங்கும் பவளக்கிளையும் இரண்டும் கறுப்பாய், நுனி கூராய், ஒரே மாதிரி. ஒன்றரை வருடம் அவற்றைத் திரையில் கையளவு பெரிதாக்கி வரைந்ததால் எனக்கு அது தெரியவே இல்லை. இன்னொருவர் இடதுகைக்காரர், அவர் விரித்தால் எண்ணே தெரியவில்லை, ஒவ்வொரு சீட்டாக இழுத்துப் பார்த்தார். ஆக்டோபஸ் ராணியா திமிங்கில ராஜாவா என்ற குழப்பம் மட்டும் யாருக்கும் வரவில்லை, அதில் ஒரு சந்தோஷம்.

மைவாசம்

ரொம்ப நல்ல காரியம் செய்தீர்கள். மூலையில் இருக்கும் சின்னக் குறியை வழக்கமான இஸ்பேட், கிளாவர் உருவத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், சங்கும் பவளமும் சீட்டின் நடுவில் இருக்கட்டும். இடதுகைக்காரருக்காக நான்கு மூலையிலும் எண் போடுங்கள், ஆனால் எண் பெரிதானால் ஓவியத்தைத் தின்னும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். திருத்திய பிறகு அதே நான்கு பேரிடம் மறுபடி கொடுங்கள்.

கப்பல்கணக்கு

தாமதமாக வருகிறேன். சரக்கு அனுப்பும் வேலை பார்ப்பதால் ஒன்று மட்டும். ஒரு கட்டு ஏறக்குறைய 100 கிராம், ஆயிரம் கட்டு என்றால் நூறு கிலோ, அதைத் தனித்தனி உறைகளாக ஒவ்வொரு நாட்டுக்கும் அனுப்பப்போகிறீர்கள். வரி விதிகள் பழைய மாதிரி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையிலான பொட்டலத்துக்கு இருந்த இறக்குமதி வாட் (மதிப்புக் கூட்டு வரி) விலக்கு 2021 ஜூலை 1-இல் போய்விட்டது. அமெரிக்காவில் 800 டாலர் வரை தீர்வை இல்லாமல் உள்ளே வந்தது 2025 ஆகஸ்ட் 29-இலிருந்து இல்லை. பழைய பதிவுகளைப் படித்துவிட்டு அஞ்சல் கட்டணத்தை இப்போதே கட்டின் விலைக்குள் சேர்த்துவிடாதீர்கள். பிரசாரம் முடிந்து, கட்டு அச்சாகிக் கிளம்பும் சமயத்தில் ப்ளெட்ஜ் மேனேஜர் (ஆதரவாளர்களிடம் முகவரியும் மிச்சக் கட்டணமும் வாங்கும் இணையச் சேவை) வழியாக அன்றைய கட்டணத்தை வசூலிக்கலாம், ஆனால் அதைத் தொடக்கப் பக்கத்திலேயே உத்தேசத் தொகையோடு தெளிவாக எழுதிவிடுங்கள், பிறகு கேட்டால் ஏமாற்றியதாக நினைப்பார்கள். அச்சகம் சீனாவில் என்றால் அவர்கள் புத்தாண்டு விடுமுறை ஜனவரி இறுதி, பிப்ரவரியில் வரும், அதை ஒட்டிச் சில வாரம் வேலை நகராது, அட்டவணையில் அதையும் போடுங்கள்.

இஸ்பேட்ஆசு

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். தோற்ற பிரசாரப் பக்கம் அழியாது, அங்கிருந்து பழைய ஆதரவாளர்களுக்கு இப்போதும் அப்டேட் அனுப்பலாம். ரம்மி ஆடியதையும் சங்கு-பவளம் குழப்பத்தையும் படத்தோடு அதில் எழுதுங்கள். என் இரண்டாவது கட்டுக்கு முதல் நாள் வந்தவர்களில் பாதிப் பேர் முதல் கட்டில் தோற்றபோது கூட இருந்தவர்கள்தான். அப்புறம், அச்சகம் ஒத்துக்கொண்டால் 1000-க்கு பதில் 500 கட்டு இலக்கு வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு கட்டுக்கான கூலி ஏறும், ஆனால் மொத்த இலக்கு இறங்கும், உங்கள் 41 சதவீதம் அதில் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்.

கடல்கோடு

போட்டுப் பார்த்தேன். 500 கட்டுக்கு அச்சகம் சொன்ன விலையை வைத்தால் அன்று வந்த தொகை 66 சதவீதம். இன்று காலை பழைய பக்கத்தில் அப்டேட் போட்டேன், இரண்டு சீட்டையும் விசிறியாகப் பிடித்த படத்தோடு. மதியத்துக்குள் 19 பதில், அதில் ஒருவர் தனக்கு நிறக்குறைபாடு இருப்பதால் டைமண்டும் கிளாவரும்கூடக் குழம்புகிறது, சிவப்பை இன்னும் வெளிறியதாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். புது மாதிரிக்கட்டில் இரண்டு சிவப்பு அடித்துப் பார்க்கிறேன். மைவாசம் ஐயா, சிவப்பையும் தனி மையாக அடிக்கச் சொல்லலாமா, இல்லை நான்கு மையிலேயே சமாளிக்கலாமா?